மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டர்

"டேய், அவங்க ஏரிக்கரை தாண்டிட்டாங்களாம்! அந்த டப்பாவ அணைச்சு கட்டிலுக்குக் கீழ தள்ளுடா!"

பெரியம்மாள் கையில் போர்வையோடு பதறினாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க மலையேறி வருகிற நாள். விடிந்ததிலிருந்து பெருக்கி, மெழுகி, பாத்திரமெல்லாம் விளக்கி வைத்திருந்தாள். கூடத்து மூலையில் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் அவள் கண்ணை உறுத்தியது.

"முடியாதும்மா," என்றான் தனசேகரன். "ஒரு வாரமா ஒரே கணக்கப் போட்டுகினு இருக்குது. சாயந்திரத்துக்குள்ள முடிச்சு அனுப்பணும். இப்ப அணைச்சா நேரத்துக்கு முடியாது, அத்தனையும் வீணாப் போய்டும்."

"உன் கணக்குல இடி விழ! பொண்ணு வேலூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்குது. இந்த ஓட்டை டப்பாவப் பார்த்தா நம்மள இன்னான்னு நெனப்பாங்க? போன தபா வந்தவங்க இதப் பார்த்து சிரிச்சுட்டுப் போனாங்களே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததும் அவனுக்கு மறக்கவில்லை. ஆனாலும் கை சுவிட்ச் பக்கம் போக மறுத்தது.

ஜமுனாமரத்தூரில் அவன் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்குப் புதுசு வாங்கியபோது, காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி அது. வீட்டுக்குத் தூக்கி வந்து அதன் உழைப்பைத் தானமாகக் கொடுத்துவிட்டான். காசநோய்க்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு மாபெரும் கணக்கைத் துண்டு துண்டாக்கி, இணையம் வழியே ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு துண்டைப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். பைசா பெயராது. இப்படி ஒரு பைத்தியம் ஜவ்வாது மலையில் வேறு யாருக்காவது உண்டா என்று அவனுக்குத் தெரியாது.

பெண் தேவயானியின் தாய்மாமன் சக்திவேலும் அவள் அக்கா தேவியும் வந்து உட்கார்ந்தார்கள். மாமன்காரர் பலா மரத்தைப் பார்க்கவில்லை, கொல்லையைப் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போனது அவர் பார்வை.

"இன்னா தம்பி இது, மாவு மிஷின் மாதிரி இரையுது?"

"அது சும்மாங்க, தூக்கிப் போட வெச்சிருக்கறது..." என்று பெரியம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"தூக்கிப் போட இல்லைங்க," என்ற தனசேகரன், விவரத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லி முடித்தான்.

சக்திவேல் காபியை ஆற்றியபடி கேட்டார். "ராவும் பகலும் ஓடுதா? கரண்டு பில்லு?"

"ஏறத்தாங்க செய்யுது. இல்லன்னு சொன்னா பொய். டீச்செலவு, சினிமாச் செலவக் கொறச்சுகினேன்."

"புது லேப்டாப்பு ஒரு மணி நேரத்துல முடிச்சுடும். இது வாரம் பூரா இழுக்குது. இதுவும் ஒரு உழைப்பா?"

தனசேகரனுக்குச் சுருக்கென்றது.

"சாமை அறுப்புக்கு வயசானவங்களும்தாங்க வர்றாங்க. கம்மியா அறுத்தாங்கன்னு அவங்க கதிர்க்கட்ட களத்துல சேர்க்காம விடறோமா? ஒரே கணக்க ரெண்டு மிஷினுக்கு அனுப்புவாங்க. ரெண்டு விடையும் ஒத்துப் போனாத்தான் ஏத்துக்குவாங்க. ஒரு தபா, எங்கேயோ இருக்கற புது மிஷினு ஒரு விடை சொல்லிச்சு, இது வேற சொல்லிச்சு. மூணாவதா ஒண்ணுக்கு அனுப்பிப் பார்த்தாங்க. இது சொன்னதுதாங்க சரி!"

சொல்லும்போதே அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைச் சொல்கிறவன்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டான். 

"சரி தம்பி. நாளைக்கு வர்ற பொண்ணு இத அணைக்கச் சொன்னா?"

அம்மாவின் கண்கள் அவனைக் கெஞ்சின. ஒரு வார்த்தை, 'அணைச்சுடறேங்க' என்று சொன்னால் போதும். 

"எதுக்கு ஓடுதுன்னு பக்கத்துல உட்கார வெச்சு சொல்லுவேங்க. ஆனா இது தானா நிக்கற வரைக்கும், நானா அணைக்க மாட்டேன்."

சக்திவேல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அப்ப நாங்க கெளம்பறோம். வூட்டுக்குப் போய்ட்டு, கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியம்மாளுக்குத் தெரியாதா? அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். தனசேகரனுக்கும் ஏமாற்றம்தான். ஆனால் தலை மட்டும் குனியவில்லை. செய்யாத தப்புக்கு ஏன் குனிய வேண்டும்?

வாசற்படி வரை போன தேவி, அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள்.

"போதும் மாமா உங்க வெளயாட்டு! பாவம், அத்தை அழுதுடப் போறாங்க."

அத்தையா? பெரியம்மாள் விலுக்கென்று நிமிர்ந்தாள்.

சக்திவேல் திரும்பி வந்து தனசேகரன் தோளில் கை போட்டார்.

"மாப்ளே, கட்டிலு, பீரோ எதுவும் வேணாம்னுட்டா எங்க தேவயானி. சீரா அவளோட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுதான் வரும். அதுவும் இதே மருந்துக் கணக்குதான் போடுது, இதைவிட மெதுவா! உங்களப் பத்தி தரகர் சொன்ன ஒரே கொறை இந்த டப்பாதான். அதக் கேட்டுத்தான் எங்கள மலைக்கு அனுப்பினா. 'ஆளு வர்றாங்கன்னு அத அணைச்சு மூடி வெச்சிருந்தா, காபியக் குடிச்சுட்டு எழுந்து வந்துடுங்க'ன்னு சொல்லி!"