ஜப்பக்குக்கு இடமில்லை

“சினிமாக் குப்பைக்கெல்லாம் கலைக்களஞ்சியத்துல இடம் கிடையாது. அடுத்த சொல்?”

பதிப்பாசிரியர் தாளைப் புரட்டிவிட்டார். துணை ஆசிரியைக்குச் சுருக்கென்றது.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் நத்தை, நங்கூரம், நார்ச்சத்து. அதுவும் யாரோ பெரியவர்கள் எழுதியதைச் சுருக்கிக் கொடுக்கும் வேலை. அவளாகத் தேடிப் பிடித்து, அவளாக எழுதி, கீழே தன் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளப் போகிற முதல் பதிவு இந்த ‘ஜப்பக்கு’தான். இதுவோ கடைசித் தொகுதி. இதை விட்டால் அவள் எழுத்து ஏற வேறு புத்தகம் கிடையாது.

“சார், ஊரே சொல்லுது சார். படத்தை எல்லாரும் மறந்துட்டாங்க, வார்த்தைய மறக்கல. என் மகனுக்கு நாலு வயசு. கூப்பிட்டு நான் திரும்பலைன்னா ‘அம்மா ஜப்பக்கு’ங்கிறான்.”

“பிள்ளைய நல்லா வளர்த்திருக்கே.”

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, விடாமல் எழுதியதைப் படித்தாள்.

“ஜப்பக்கு: நகைச்சுவைப் படம் ஒன்றில், காது மந்தமான காவலாளியைக் கேலி செய்ய வந்த சொல். கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று என்று இருப்பவரைக் குறிக்க இன்று எல்லோரும் வழங்குகிறார்கள்.”

“எல்லாருமா?” என்றார் பதிப்பாசிரியர்.

“இப்பவே காட்டட்டுமா சார்?” என்று கணக்கர் முந்திக்கொண்டார். மேசைக் கோடியில் அச்சுப்பிழை திருத்துகிற அண்ணன் உட்கார்ந்திருந்தார். “அண்ணே, டீ சொல்லட்டுமா?”

அண்ணன் தாளிலிருந்து நிமிர்ந்தார். “நாளைக்கு முடிஞ்சிடும்.”

“ஜப்பக்கு!” என்றது மொத்தக் கூட்டமும்.

அண்ணனும் சிரித்தார். வாயெல்லாம் பல். காதுமெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி தாளில் குனிந்துகொண்டார்.

“பாத்தீங்களா சார், எவ்வளவு சரளமா வருது!”

பதிப்பாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “மட்டமான ரசனை. நான் சினிமாவே பாக்கறதில்ல. அடுத்த சொல்?”

வராந்தாவில் ஆளாளுக்கு அவரை வறுத்தெடுத்தார்கள்.

“கிழத்துக்கு சினிமான்னாலே ஆகாது.”

“பிறந்ததுல இருந்து சிரிச்சிருக்குமான்னே சந்தேகம்தான்.”

அவர் அந்த வழியாகத்தான் போனார். காதில் விழாததுபோலப் போனார்.

துணை ஆசிரியை அத்தோடு விடுகிற ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் பழைய தொகுதிகளை இறக்கி வைத்துக்கொண்டு புரட்டினாள். ‘ப’ வரிசையில் கை நின்றது. அந்தத் தொகுதியைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், ‘பஞ்ச் டயலாக்’. ரெண்டு பத்தி, ஒரு படம். எழுதினது யாருன்னும் பாத்துட்டேன்.”

பதிப்பாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?”

“சினிமாவே பாக்கறதில்லன்னீங்களே சார்?”

“வெள்ளிக்கிழமையானா முதல் காட்சியில இருப்பேன். ஜப்பக்கு படத்தையும் ரெண்டு தடவை பாத்தேன். முதல் தடவை விழுந்து விழுந்து சிரிச்சேன்.”

“அப்புறம் ஏன் சார் கூட்டத்துல அப்படி...?”

“அவரையும் வெச்சுக்கிட்டு வேற என்ன காரணம் சொல்லச் சொல்றே?”

“யாரை சார்?”

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவளும் பார்த்தாள். அண்ணன் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

“நம்ம வழக்கம் உனக்குத் தெரியும்ல? ஒவ்வொரு பதிவையும் அவர் எழுத்தெழுத்தா மூணு தடவை படிக்கணும். கடைசியில ‘பிழையில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

அவள் தொகுதியை மெல்ல மூடினாள். எழுதியது கைவிட்டுப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை.

“அண்ணன் அதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டார் சார். சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்துடுவார்.”

“ஆமாம்மா,” என்றார் பதிப்பாசிரியர். “போட்டுக் குடுத்துடுவார். அதனாலதான் வேண்டாங்கிறேன்.”