இனிமே நிக்க மாட்டேன்

"அவர் வர மாட்டாருங்க. கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கே திரும்பியிருப்பார்."

ஏரிக்கரை ஹோட்டல் வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன தையற்கடைக்காரிக்குக் குரல் உடைந்தது.

எதிரே மலை, ஏரி, வாத்துக் கூட்டம். இதைப் பார்க்கத்தான் எல்லாரும் இவ்வளவு தூரம் பைக்கில் வந்தார்கள். இப்போது யார் கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் கணவரான டிராயிங் மாஸ்டரை மட்டும் காணோம்.

"பதறாதீங்க அண்ணி" என்றார் கேப்டன். வாரம் முழுக்க இரும்புக்கடை முதலாளி, ஞாயிறு மட்டும் இந்த பைக் குழுவுக்குக் கேப்டன். "ஆத்துப் பாலத்துல ரோடு ரெண்டாப் பிரியுதில்ல? அங்க பின்னால வர்றவங்களுக்கு வழி காட்ட அண்ணனைத்தான் நிறுத்தினேன். கடைசி வண்டி ஆரஞ்சு சட்டையோட வரும், அது தாண்டினதும் கிளம்பணும். வழக்கமா செய்யறதுதானே? எல்லா வண்டியும் வந்தாச்சே!"

போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற பல்லவிதான்.

"அப்படி என்ன கோபம் அண்ணனுக்கு?"

"காலைல கையுறை ஒண்ணைக் காணோம், கிளம்ப லேட்டாயிடுச்சு. 'கல்யாணமான நாள்லேருந்து உனக்காகக் காத்து நிக்கறதே என் பொழப்பாப் போச்சு. இனிமே ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்'னு கத்தினாரு. நான் சும்மா இருந்தேனா? 'யாரு உங்களை நிக்கச் சொன்னா'ன்னு வாயை விட்டுட்டேன்."

கேப்டனுக்கு வேறு பயம். கோபத்தில் ஓட்டுகிறவன் வளைவைப் பார்ப்பானா?

"வாங்க, போய்ப் பார்த்துடலாம்."

கூட வந்திருந்த மெக்கானிக் தன் வேனை எடுத்தார். முன்சீட்டில் உட்கார்ந்த அவள், வளைவுக்கு வளைவு பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பார்க்கவும் பயம், பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பாலம் வந்தது. உச்சி வெயிலில் முகம் கறுத்து, ஒரு கையால் வழி காட்டியபடி நின்றுகொண்டிருந்தார் மாஸ்டர்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினாள்.

"என்னங்க, இங்கயேவா நிக்கறீங்க!"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "நீ எப்படி அந்தப் பக்கத்திலேருந்து வர்றே? உன்னைக் காணாம எனக்கு இங்க உசுரே இல்ல! தேடி வரலாம்னா, அதுக்குள்ள நீ வந்து வழி மாறிப் போயிட்டா என்ன பண்றது? சரி, உனக்கு லேட்டாகறது புதுசான்னு நின்னுட்டேன்."

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு வேனின் பின்கதவைத் திறந்தார்.

உள்ளே, வழியில் செயின் அறுந்துபோன அவளுடைய பைக். அது சாயாமல் பிடித்துக்கொண்டு மூடிய வேனுக்குள் ஏரிக்கு வந்தபோது அவள் புழுக்கம் தாங்காமல் கழற்றிப் போட்ட ஆரஞ்சு சட்டை, அதன் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது.