பெண் பார்க்க வந்த உருண்டை

கன்னம் புடைக்கச் சூரியகாந்தி விதைகளை அடக்கிக்கொண்டு, பக்கத்துக் கூண்டு முந்திரியைப் பெண் பார்க்க வந்தது உருண்டை என்ற ஹாம்ஸ்டர் எலி. விதைகளைச் சீர்வரிசையாகப் பரப்பிவிட்டு, "எங்க வம்சம் தழைக்கணுங்க. கூண்டு நிறையப் பிள்ளைகள் வேணும்" என்றது.

"நம்ம இனம் வளர்ந்துட்டா ஒன்னையொன்னு கடிச்சுக் குதறிடும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கூண்டு பார்த்துட்டீங்களா?" என்று கேட்டது முந்திரி.

"பிறந்துட்டா எல்லாம் தானா அமைஞ்சிடும்" என்றது உருண்டை, பெரிய மனுஷத் தோரணையில்.

"சரி, மூத்தவனுக்கு உங்க கூண்டைக் கொடுத்துடுங்க. நீங்க தினமும் ஓடி விளையாடுற சக்கரத்திலயும் இனி அவனே ஓடட்டும்."

தன் சக்கரத்தில் இன்னொருவன் ஓடுவதை நினைத்ததுமே உருண்டைக்கு மீசை துடித்தது.

"வம்சத்துக்கு இப்ப என்னங்க அவசரம்?" என்று முனகிவிட்டு, பரப்பிய விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் கன்னத்தில் அடக்கிக்கொண்டது.