கொக்கி வால்

ஒரே அடுப்புச் சோறு சாப்பிடுகிறவர்களின் குடல் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் ஒரே சாடையில் இருக்கும். அவற்றைப் படமெடுத்து வடிவம் பிரிப்பதுதான் கோவை ஆய்வகத்தில் நிறைமதியின் வேலை. புதுக் கருவி வந்தால் முதலில் சொந்த வீட்டு ஆட்களின் மல மாதிரிகளை வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம்.

அம்மாவின் மாதிரியில் எல்லா வைரஸுக்கும் நேரான வால். அப்பாவின் மாதிரியில் கொக்கி போல் வளைந்த வால்களும் கிடந்தன. அந்தக் கொக்கியை அவள் வேறு ஒரே ஒரு வீட்டு மாதிரியில்தான் பார்த்திருக்கிறாள். அது முன்பு ஆய்வுக்கென்று யாருக்கும் தெரியாமல் கேட்டு வாங்கிய அக்கா மணிமொழி வீட்டு மாதிரி.

சாதி மாறிக் கட்டிக்கொண்டாள் என்று அக்காவைத் தலைமுழுகியவர் அப்பா. "அவ வூட்டு வாசல மிதிச்சா என்னை உசுரோட பாக்க மாட்டே" என்று அம்மாவைக் கட்டிப்போட்டவரும் அவரே.

நிறைமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தை மூடினாள், திறந்தாள், மாதிரி மாறிவிட்டதோ என்று மறுபடியும் ஓட்டினாள். கொக்கி அப்படியே இருந்தது. ஒருநாள் விருந்தில் அது ஒட்டாது. அடிக்கடி சாப்பிட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் அப்பா தோசைக்கு உட்கார்ந்ததும் கேட்டேவிட்டாள்.

"அக்கா வூட்டுக் கொழம்பு எப்படிங்கப்பா இருக்குது?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "ஆரு சொன்னது?"

"உங்க வயிறுதானுங்க."

அம்மா அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி செருப்பைத் தேடினாள்.

"வண்டிய எடு கண்ணு," என்றாள். "எனக்கும் பசிக்குது."