குளுவாங்குக்கு வந்த குணாளன்

"அவனுக்கு எவ்ளோ திமிர் இருந்தா அப்படிச் சொல்லுவான்!"

கைப்பையை நாற்காலியில் வீசினாள் லோஷினி.

அம்மா கஸ்தூரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு, உன் சூப்பர்வைசரா?"

"இல்லம்மா, குணாளன்."

கஸ்தூரி அடுப்பையே அணைத்துவிட்டாள். எட்டரை மணி டிவி நாடகத்தில் குணாளன் அழுதால் இவளும் அழுவாள். பெத்தா அப்படி ஒரு பிள்ளையைப் பெறணும் என்று மகளை வைத்துக்கொண்டே சொல்லுவாள்.

"குளுவாங் பேரங்காடிக்கு வந்திருந்தான்மா. நம்ம ரெங்கத்துலேர்ந்து பஸ் ஏறிப் போயி, கால் கடுக்க லைன்ல நின்னேன்."

"இன்னிக்கு உனக்கு ஃபேக்டரி இல்ல?"

"காய்ச்சல்னு கிளினிக்ல மருத்துவ லீவுச் சீட்டு, எம்.சி. வாங்கிட்டேன்."

"அடிப்பாவி! உன்னை இன்னும் நிரந்தரம்கூடப் பண்ணல. பொய் எம்.சி.ன்னு தெரிஞ்சா நிறுத்திருவாங்க லா. உன் சம்பளத்துலதான் இந்த வீட்டுல உலை கொதிக்குது!"

"அத விடும்மா, இதக் கேளு. எல்லாரோடயும் தோள்ல கை போட்டுப் படம் எடுத்துக்கிட்டான். என் முறை வந்துச்சு. 'வேலை நாள்ல எப்படிம்மா வந்தே?'ன்னான். 'உங்களப் பாக்கவே எம்.சி. போட்டுட்டு வந்தேண்ணே'ன்னேன். சட்டுனு மூஞ்சி மாறிருச்சு. என் போனைத் தள்ளிவிட்டுட்டு, கேமராக்காரன் காதுல, 'இந்தப் பொண்ணு மூஞ்சி ஒரு படத்துலயும் வரக்கூடாது. எடுத்திருந்தா அழிச்சிரு'ன்னான். எனக்குக் கேக்காதுன்னு நெனைப்பு!"

சொல்லும்போதே அழுகை முட்டியது. "நான் கறுப்பா இருக்கேன்லம்மா. அதான்."

கஸ்தூரிக்கு எம்.சி. விஷயமே மறந்துபோயிற்று. பெத்த வயிறு எரிந்தது.

"அலமாக்! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலா? சும்மா விடாத. ஃபேஸ்புக்ல போடு. ஊரே காறித் துப்பட்டும்."

லோஷினி விடுவாளா? குணாளன் பேனருக்குப் பக்கத்தில் தானே எடுத்துக்கொண்ட படத்தைச் சேர்த்தாள். 'நல்லவன் வேஷம் டிவியில் மட்டும்தான்' என்று தொடங்கி, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அனுப்பப் போன நேரம் போன் அடித்தது.

செல்வராணி. அதே ஃபேக்டரி, அதே ஷிஃப்ட். அவளும் பொய் எம்.சி.தான். ஆனால் குணாளன் கேட்டதற்கு லீவு என்று சொல்லி, பல்லெல்லாம் தெரியப் படம் எடுத்துக்கொண்டவள்.

"செத்தேன் லோஷினி!" அழுதாள். "குணாளன் ஆளுங்க இன்னிக்கு எடுத்த எல்லாப் படத்தையும் ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க. சூப்பர்வைசர் என் படத்தை எனக்கே அனுப்பிக் கூப்பிட்டுக் கத்துறாரு. நாளைக்கு ஆபீஸுக்கு வந்து பதில் சொல்லணுமாம். வேலை போயிரும்டி!"

லோஷினி அனுப்பாமல் கிடந்த பதிவை அவசரமாக அழித்தாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"கேக்காம? ரெண்டு பேரும் ஒரே நாள்ல எம்.சி., அதனால உன்னையும் தேடியிருக்காரு. கூட்டத்தோட இருக்கிற படத்தக்கூட விடாம பெருசாக்கிப் பாத்தாராம். ஒண்ணுலயும் நீ இல்ல."

"அப்புறம்?"

"'பாவம், அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே காய்ச்சல்தான் போல'ன்னாரு."