இறக்கிப் பாடிய வரி

போடியில் ஏலக்காய் சேமித்து வைக்கும் கிட்டங்கி ஒன்றின் பின்னறைதான் எங்கள் ஸ்டூடியோ. எதிரொலிக்காமலிருக்கச் சுவரோரம் மூட்டைகளை அடுக்கியிருக்கிறோம்; பாட்டு எப்படியிருந்தாலும் வாசத்துக்கு நாங்கள் பொறுப்பு. டோலக் நான். நான் வாசிக்காத இடங்கள் பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மைக் முன்னால் நாற்காலியில் மகாராஜன் ஐயா. இந்தப் பக்கத்துத் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர்களில் எல்லாம் அவர் குரல்தான். பக்கத்தில் சிலமலை ஊர்ப் பானுப்பிரியா, மலைக்கு ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிற பிள்ளை. அவரோடு பாடுகிற முதல் பாட்டு என்று சோலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "டேய் வினோத்து, போடுறா" என்கிறார் ஐயா. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் வினோத்குமார் இசையை ஓடவிடுகிறான். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஐயாவின் குரல் சுதிக்குக் கீழே வழுக்குகிறது. காதில் ஹெட்போன், இசை கேட்கிறது, அவள் குரல் கேட்கிறது, தன் குரல் இறங்குவது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த வரி அவளுடையது. ஒத்திகையில் கிண்ணென்று பிடித்தவள், இப்போது வேண்டுமென்றே அவர் நிற்கிற பள்ளத்துக்கு இறங்கி, அவர் குரலை ஒட்டியே பாடுகிறாள், அவர் பிசகு மட்டும் தனியாகத் தெரியாதபடி. என் கை டோலக்கின் மேலேயே நின்றுவிடுகிறது. ஐயா ஹெட்போனைக் கழற்றுகிறார். "என்னப்பா, பிள்ளைக்குச் சுதியே நிக்கல? வெரசா வேற பிள்ளையக் கொண்டா." வினோத்குமார் வாயைத் திறக்கிறான். அவனைப் பார்த்து, வேண்டாம் என்று அவள் மெல்லத் தலையசைக்கிறாள். "பழகிட்டு வர்றேங்கய்யா" என்கிறாள். அவருடைய வெந்நீர்ச் செம்பைக் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடுகிறாள்.