சத்தம் வரக் கூடாது

யா அல்லாஹ், உள்ளே இருந்து சத்தம் மட்டும் வரக் கூடாது.

அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஃபரீதா இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். துப்பட்டா நுனி வாயில் நனைந்துபோயிருந்தது.

உள்ளே அவள் மகள் இரம் தூங்குகிறாள். பித்தப்பைக் கல்லுக்குக் காலையில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, கண் விழித்து, "அம்மி, வலிக்குது" என்றும் சொல்லிவிட்டாள். வலிக்கு ஓர் ஊசி போட்டார்கள். மறுபடி தூங்கிப்போனாள்.

பக்கத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்பது அந்த ஆம்பூர் நர்சிங் ஹோமின் சட்டம். அந்த இடத்தை ஜஹீருன்னிசா பிடித்துக்கொண்டாள். இரமுக்கு வரப்போகிற மாமியார். ஃபிளாஸ்க்கும் தலையணையுமாக வாணியம்பாடியிலிருந்து காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

"நீங்க வெளிய காத்தாட உட்காருங்க ஆபா. இனிமே இது எங்க வீட்டுப் பொண்ணு."

காற்றா? ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடைதான் வந்தது.

இரமின் விரல் நுனிகளில் சிவந்திருந்த மெஹந்திகூட ஜஹீருன்னிசா தன் கையால் வைத்துவிட்டதுதான். மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்ட வந்த நர்ஸ் மெர்சி, "மருதாணி விரல்ல இது சரியா காட்டாதே" என்று முணுமுணுத்தாள்.

தங்கமான மனுஷி ஜஹீருன்னிசா. அதுதான் ஃபரீதாவின் பயமே. இப்படி ஒரு சம்பந்தம் இன்னொரு தடவை அமையுமா?

போன வருஷம் பேரணாம்பட்டு சம்பந்தம் கைக்கு எட்டி நழுவிப்போனது. உறவுக்காரர் கல்யாணத்தில், பெண்கள் எல்லாரும் ஒரே ஹாலில் வரிசையாகப் படுத்த ராத்திரி. விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாரி மேடு ஏறுகிற மாதிரி குறட்டை விடுகிறாள் அந்தப் பெண் என்று தெருவெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து அந்த வார்த்தையையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மயக்க மருந்து டாக்டர் ஷர்மிளா முந்தாநாள் கேட்கத்தான் கேட்டார்.

"தூக்கத்துல குறட்டை விடுவாங்களாம்மா? மருந்து ஏறினா நாக்கு தளர்ந்து பின்னாடி சரியும், தொண்டை அடைச்சிக்கும். குறட்டை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. ஆபரேஷன் முடிஞ்ச அப்புறமும் பக்கத்துலயே ஆள் போட்டுப் பார்த்துக்குவோம்."

இரம் அம்மாவைப் பார்த்தாள். கூட வந்திருந்த ஜஹீருன்னிசாவும் பார்த்தாள். எதற்குத்தான் இவளையும் அழைத்துக்கொண்டு வந்தோமோ!

"சே சே, என் பொண்ணா? பூனை மாதிரி தூங்குவா."

நாக்கு கூசாமல் சொன்னாள் ஃபரீதா.

இப்போது கதவுக்குப் பின்னால் 'கர்' என்று ஒன்று கிளம்பியது.

அவளுக்குப் பகீரென்றது. இன்னொன்று. அதற்கடுத்தது இன்னும் பெரிதாக. கூடவே அந்தக் கிளிப் மிஷினும் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. போச்சு, மானம் போச்சு. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே, கேட்காமலா இருப்பாள்?

கொஞ்ச நேரத்தில் மிஷின் நின்றது. குறட்டையும் நின்றது.

அல்ஹம்துலில்லாஹ். ஃபரீதா நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் சாய்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது.

கதவை மெல்லத் திறந்துகொண்டு ஜஹீருன்னிசா வெளியே வந்தாள். உதட்டில் விரல். முகமெல்லாம் சிரிப்பு.

"கொஞ்சம் குறட்டை விட்டா ஆபா. விட்டா இன்னா, என் புள்ளை விடாத குறட்டையா? அந்த மிஷின்தான் பேஜார், கத்திக்கினே இருந்துச்சு. மெஹந்தி விரல்ல அது சரியா காட்டாதுன்னு நர்ஸம்மாவே சொல்லிச்சே, கழட்டி, சுவிட்சையும் ஆஃப் பண்ணி வெச்சுட்டேன். இப்போ பாருங்க, பேச்சு மூச்சில்லாம தூங்குறா."

ஃபரீதா பதிலுக்குச் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இத்தனை வருஷமாக மகளை ஒட்டிப் படுத்தவள் அவள். குறட்டைச் சத்தத்தில் அவள் தூக்கம் கெட்டதே இல்லை. சத்தம் சட்டென்று நிற்கும்போதுதான் திடுக்கிட்டு விழிப்பாள். இருட்டிலேயே கையை நீட்டி, இரண்டு விரலால் மகளின் தாடையைத் தூக்கிப் பிடிப்பாள். அடைத்த தொண்டை திறந்து மூச்சு திரும்பும்வரை விடமாட்டாள். இது இரமுக்கே தெரியாது.

நாற்காலி பின்னால் விழுந்தது.

"சிஸ்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க! என் பொண்ணு குறட்டை விடுவா! குறட்டை விடுவா!"

மாடி முழுக்கக் கேட்டது. மெர்சி ஓடி வருகிற செருப்புச் சத்தமும் கேட்டது. அதற்குள் ஃபரீதா ஜஹீருன்னிசாவைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். இரமின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

இரண்டு விரலால் தாடையைத் தூக்கினாள்.

விடுடா கண்ணு. ஒரே ஒரு குறட்டை விடு. ஊரே கேட்கட்டும்.